ஜாபர் அலி வீட்டுக் குழாய்

ஏற்காட்டில் வரும் தண்ணீர் கடினமானதா மென்மையானதா என்பதைத் தண்ணீரே முடிவு செய்துகொள்ள முடியாது. அதற்கென்று ஒரு நிலையம் இருக்கிறது. 'சேர்வராயன் மலை நீர்க்கடினத் தணிப்பு நிலையம்' என்று நீலப் பலகையில் வெள்ளை எழுத்து. பலகைக்குக் கீழே ஒரு குழாய். அதன் வாயைச் சுற்றி உப்புப் படிந்து படிந்து, இப்போது ஒரு சின்னக் காலிஃபிளவர் பூத்திருக்கிறது. நிலையத்துக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். நிலையத்தில் இருக்கிறவர்கள் இன்றுவரை பார்க்காததும் அதைத்தான்.

ஜாபர் அலி அதைப் பார்த்துவிட்டு, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். அவர் செய்த முதல் தப்பு அது.

ஒண்டிக்கடை என்கிற முக்குக்குப் பின்னால் ஒரு சரிவுத் தெருவில் அவருக்கு வீடு. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் சலவைத் தொழில். ஊரில் உள்ள லாட்ஜுகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அவர் கையில்தான் வெளுத்தன. மெஷின் இரண்டு வைத்திருந்தாலும், கடைசி அலசல் கையால்தான். விரிப்பை உதறும்போது 'பட்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் திரும்பவும் அலசுவார். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் புது போர்வெல் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்தது. சோப்பு நுரைக்கவில்லை. கரைத்த சோப்பெல்லாம் தயிர் திரிந்த மாதிரி மேலே மிதந்தது. மெஷினுக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. விரிப்புகள் சாம்பல் நிறத்தில், அப்பளம் போல விறைப்பாகக் காய்ந்தன.

ஏரிக்கரைப் பக்கத்து லாட்ஜ் மேனேஜர் வெங்கடேஷ் ஒரு விரிப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டான். அதை நெட்டுக்குத்தாகத் தரையில் நிறுத்திக் காட்டினான். அது நின்றது.

"பாய், நிக்குது பாருங்க. சென்னையில இருந்து ஒரு ஜோடி தேனிலவுக்கு வந்துட்டு, முதுகெல்லாம் செராய்ப்புன்னு நெட்டுல எழுதிப் போட்டுருக்காங்க. படமும் போட்டுருக்காங்க. எங்க ஓனர் அதை எனக்கு அனுப்பிக் கேக்குறாரு, இது ரூமா, இல்ல ஜெயிலான்னு."

"தண்ணி உப்புங்க தம்பி. நான் என்ன பண்றது?"

"நீங்க என்ன வேணாலும் பண்ணுங்க. கோடை விழாவுக்குள்ள துணி வெள்ளையாகோணும். இல்லீன்னா அடிவாரத்துல மிஷின் லாண்டரிக்காரன் லாரியோட நிக்கிறான். நான் மட்டும் இல்ல, எல்லா லாட்ஜும் அவனுக்குத்தான் போகும். அப்புறம் உங்க கொட்டகையில நீங்க காளான் வளக்கலாம்."

ஜாபர் அலி சேலத்திலிருந்து, தண்ணீரை மென்மையாக்குகிற சாஃப்ட்னர் மெஷின் விற்கிற ஒருவரை வரவழைத்தார். உப்பைப் போட்டால் உப்புத்தண்ணி நல்ல தண்ணியாகிவிடும் என்று அந்த ஆள் சொன்னதை ஜாபர் அலியின் மனைவி ஜமீலா நம்பவில்லை. ஆனால் அந்த ஆள் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஒரு சின்ன மெஷினில் விட்டுக் காட்டினார். சோப்பு நுரைத்தது. ஜமீலா அந்த நுரையைக் கையில் அள்ளிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்ப மாட்டுவீங்க?" என்றாள்.

"நிலையத்துல சான்றிதழ் வாங்கணும்மா. மலையில இந்த மெஷின் கழுவுற உப்புத்தண்ணி காப்பித் தோட்டத்துக்குப் போகுதுன்னு ஒரு தடை உத்தரவு இருக்கு. உங்க தண்ணி கடினம்னு அவங்க எழுதிக் குடுத்தாத்தான் நான் விக்க முடியும். மென்மைன்னு எழுதிட்டாங்கன்னா வித்தவன் வாங்கினவன் ரெண்டு பேருக்கும் கேஸ்."

"இந்தத் தண்ணியை எவனாவது மென்மைன்னு எழுதுவானா?" என்று ஜமீலா சிரித்தாள். அந்த வீட்டில் கடைசியாகக் கேட்ட சிரிப்பு அது என்று சொன்னால் மிகையாகிவிடும். அதற்குப் பிறகும் சிரித்தாள். ஆனால் வேறு மாதிரி.

நிலையத்தில் உதவியாளர் மரியதாஸ்தான் முதலில் ஆளைப் பிடித்தார்.

"பரிசோதனைக்குத் தண்ணி மாதிரி செவ்வாக்கிழமை மட்டுந்தான் வாங்குவோம் பாய். பிடிச்ச அன்னிக்கே கொண்டு வந்துரோணும். பழைய தண்ணி செல்லாது."

"எங்க தெருவுக்கு வியாழக்கிழமைதானுங்க தண்ணி விடறாங்க."

மரியதாஸ் இதை ஏற்கெனவே பலரிடம் கேட்டவர் போலத் தலையாட்டினார். "அதனாலதான் இதுவரைக்கும் ஒரு மாதிரியும் தோக்கலை" என்றார் பெருமையாக.

ஜாபர் அலி அடுத்த செவ்வாயும் வந்தார், வெறுங்கையோடு. அதற்கடுத்த செவ்வாயும் வந்தார். விஷயம் இயக்குநர் ஜெயபிரகாஷ் காதுக்குப் போயிற்று. அவர் இரக்க குணம் கொண்டவர். உடனே ஒரு சுற்றறிக்கை விட்டார்: 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, இனிவரும் வியாழக்கிழமை செவ்வாய்க்கிழமையாகக் கருதப்படும்.' அதன்படி அந்த வாரத்தில் நிலையத்துக்கு இரண்டு செவ்வாய்க்கிழமைகள் வந்தன. வியாழக்கிழமை வேலையைச் செய்ய நாள் இல்லாமல் போனதால் எல்லோரும் மதியமே வீட்டுக்குப் போனார்கள். அதற்குள் ஜாபர் அலியின் பாட்டிலை வாங்கிவிட்டார்கள்.

பாட்டிலோடு ஒரு படிவம். வேறு ஏதோ துறையின் படிவத்தைப் பார்த்துத் தயாரித்தது போலிருக்கிறது. 'மாதிரியின் பெயர்' என்பதற்கு அடுத்து 'தந்தை பெயர்' என்று இருந்தது.

"இதுக்கு என்னங்க எழுதறது?"

"எதையாவது எழுதுங்க பாய். காலியா விட்டா மேல இருந்து திரும்பி வந்துரும்."

ஜாபர் அலி யோசித்து 'மழை' என்று எழுதினார்.

பரிசோதனை செய்தது கவிப்பிரியா. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற பெண்; வருடா வருடம் இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் உண்டு. கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை ஊற்றி ஒரு பொடியைப் போட்டாள். தண்ணீர் பீட்ரூட் சாறு போலச் சிவந்தது. ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நீலமாக மாறுகிற வரைக்கும் எத்தனை சொட்டு விழுகிறதோ அவ்வளவு கடினம் என்று ஜாபர் அலிக்குச் சொன்னாள். விட்டாள். விட்டுக்கொண்டே இருந்தாள். மருந்து தீர்ந்தது. புது பாட்டிலைத் திறந்தாள்.

"ஏனுங்க, இது தண்ணிதானுங்களா?" என்றாள். "சுண்ணாம்பு கரைச்சு எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"குழாயில வந்ததுங்க கண்ணு."

கடைசியில் நீலமானது. ஜாபர் அலிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நீலத்தைப் போல அழகான ஒன்றை அவர் சமீபத்தில் பார்த்ததில்லை. கவிப்பிரியா 'மிகக் கடினம்' என்று எழுதிக் கையெழுத்துக்கு உள்ளே அனுப்பினாள்.

உள்ளேயிருந்து கையெழுத்து வரவில்லை. இயக்குநரே வந்தார். கையில் சேலத்திலிருந்து வரும் அடைத்த தண்ணீர் பாட்டில். ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசினார்.

"கவிப்பிரியா, இது ஆய்வகம். ஆய்வகம்ங்கிறது ஒரு செயற்கையான சூழல். இங்க தண்ணீர் பயந்துடும். புது இடம், கண்ணாடிக் குடுவை, தெரியாத முகங்கள். இறுக்கமாகத்தான் இருக்கும். நீங்க முதல் நாள் நேர்காணலுக்கு வந்தப்ப எப்படி இருந்தீங்க?"

"சார், கால்சியம்..."

"பயந்துதானே இருந்தீங்க? இப்பவும் இருக்கீங்க. அது நல்லது." அவர் ஜாபர் அலி பக்கம் திரும்பினார். "பாய், நிறம் மாறுகிறதை நான் நம்ப மாட்டேன். அரசியல்வாதி கூட நிறம் மாறுவான். நமக்கு வேண்டியது களத் தேர்வு. தண்ணீரை அதன் சொந்த வீட்டில், அது இயல்பா இருக்கும்போது பார்க்கணும். உங்க தண்ணீரில், உங்க கையால், துணி துவைச்சுக் காட்டுங்க. துணி மங்கினா கடினம். வெளுத்தா மென்மை. இதைவிட நேர்மையான சோதனை உலகத்துல கிடையாது."

ஜாபர் அலிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "லாட்ஜ் துணி கொட்டகை நிறைய மங்கிப்போய்க் கிடக்குதுங்க ஐயா. இப்பவே வந்து பாருங்க."

"லாட்ஜ் துணியில யார் யாரோ படுத்திருப்பாங்க. அறிவியலுக்குப் பின்னணி தெரிஞ்ச துணி வேணும். நிலையமே கொடுத்தனுப்பும்."

மறுநாள் மரியதாஸ் ஜீப்பில் மூட்டைகளோடு வந்து இறங்கினார். இயக்குநரின் வெள்ளைச் சட்டைகள், வேட்டிகள், அம்மாவின் சேலைகள், கணக்குப் பிரிவு மேலாளர் வீட்டு சோபா உறைகள், ஜன்னல் திரைகள், கடைசியாக முடி ஒட்டிய ஒரு தடித்த மெத்தை உறை.

"இது என்னங்க?"

"டைரக்டர் ஊட்டு நாய் படுக்கிறது."

"நாய்த் துணியுமா?"

"அதை வெச்சுத்தான் மத்த துணியெல்லாம் ஒப்பிட்டுப் பாப்பாங்க பாய். கன்ட்ரோல் சாம்பிள்."

ஜீப் போன பிறகு ஜமீலா மூட்டைகளைக் காலால் தள்ளிப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. அப்படியே குழாய்த் தண்ணியில முக்கிக் குடுங்க. அவங்க சட்டை சாம்பலாப் போனாத்தான் நம்ம ஊட்டுல என்ன நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். நாய் மெத்தையை மட்டும் நான் துவைக்கிறேன், அது நம்மகிட்ட என்ன தப்புப் பண்ணுச்சு?"

ஜாபர் அலி ஒத்துக்கொண்டார். முதலில் இயக்குநரின் ஒரு கைக்குட்டையை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் துவைத்தார். காய்ந்ததும் எடுத்து உதறினார். 'பட்' சத்தம் வரவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேகம் மூடிய மாதிரி ஒரு நிறம். மூலையில் 'ஜெ' என்று சிவப்பு நூலில் தைத்திருந்தது. அந்த 'ஜெ'யைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வியர்த்தது.

"ஜமீலா, இதை எப்படிப் புள்ள குடுக்கறது?"

"கையில குடுங்க."

"டைரக்டர் என்ன நினைப்பாரு?"

"தண்ணி சரியில்லைன்னு நினைப்பாரு. அதுக்குத்தானே இத்தனை பாடு?"

"இல்ல புள்ள. இந்த ஆளுக்கு வெளுக்கத் தெரியலைன்னு நினைப்பாரு. என் கையில இருந்து மங்கின துணி ஒரு ஆபீசர் ஊட்டுக்குப் போனதே இல்ல. நாளைக்குத் தெருவுல அந்த நாய் என்னைப் பாத்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கும்."

"அந்த நாய் மெத்தையைத்தான் நான் துவைக்கிறேன்னு சொன்னேனே" என்றாள் ஜமீலா. ஆனால் அவர் ஏற்கெனவே கேன்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெள்ளக்கடை கிராமத்துப் பக்கம் பொன்னுவேல் என்பவரின் காப்பித் தோட்டத்து ஓரத்தில் ஒரு பாறைச் சுனை. மொபெட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கேன் கட்டினால் ஒரு மூட்டைத் துணிக்குத் தண்ணீர் வரும். லாட்ஜ் விரிப்புகளுக்கு இப்படிச் சுமந்தால் ஆயுசு போதாது. ஆபீசர் சட்டைக்குப் போதும்.

"ஏனுங்க பாய், குடிக்கவா?" என்று பொன்னுவேல் கேட்டார்.

"இல்லீங்க. டைரக்டர் சட்டைக்கு."

"அட, நாங்க குடிக்கிறமுங்க இதை." பொன்னுவேல் கொஞ்சம் வருத்தப்பட்டார். "சரி, எடுத்துக்குங்க. அவரு சட்டையாவது நல்லா இருக்கட்டும்."

சட்டைகள் நன்றாக இருந்தன. சட்டைகள் மட்டுமல்ல, வேட்டி, திரை, சோபா உறை, எல்லாம் கொக்கு மாதிரி வெளுத்தன. பழகிய கை, வெகுநாள் கழித்து நல்ல தண்ணீரைத் தொட்ட கை. நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் அடுக்கிக் கட்டிக் கொடுத்தார். நாய் மெத்தை இயக்குநரின் வேட்டியைவிட வெள்ளையாக இருந்ததில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் சங்கடம்.

மறுவாரம் தபாலில் சான்றிதழ் வந்தது. 'நீரின் தன்மை: மிக மென்மை. சாஃப்ட்னர் தேவையில்லை. பொருத்துவது தண்டனைக்குரியது.'

ஜமீலா அதைப் படித்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜாபர் அலி நிலையத்துக்கு ஓடினார். இயக்குநர் புதிதாக வெளுத்த சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, தப்பு நடந்துபோச்சுங்க. அது எங்க குழாய்த் தண்ணி இல்லீங்க. சுனைத் தண்ணியில துவைச்சேனுங்க. உங்க துணி மங்கிப்போயிருமேன்னு..."

இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தி, பாசத்தோடு பேசினார்.

"பாய், நீங்க நல்லவர். அதனால சொல்றேன். அறிக்கை மேலே போயாச்சு. மேலே போனது உண்மை. கீழே இருக்கிறது உங்க வார்த்தை. இப்ப ரெண்டு வழிதான். ஒன்று, வேறு தண்ணீர் கலந்தேன்னு எழுதிக் கொடுங்க. அரசுப் பரிசோதனையில் மோசடி. என் கையாலேயே புகார் எழுதணும், என் மனசு வலிக்கும், ஆனா எழுதிடுவேன். இன்னொன்று, கலக்கலைன்னு எழுதிக் கொடுங்க. கோடை விழா மேடையில் பொன்னாடை. மென்னீர் குடும்பம்னு ஒரு விருது வைத்திருக்கிறோம். மூணு வருஷமா கொடுக்க ஆள் கிடைக்கலை."

"மூணாவது ஏதாச்சும் இருக்குதுங்களா ஐயா?"

"மூணாவது இருந்திருந்தா நான் எடுத்திருப்பேனே பாய்" என்றார் இயக்குநர். அந்த அலுவலகத்தில் அவர் பேசியதில் உண்மை என்று சொல்லத்தக்கது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஜாபர் அலி கலக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

கோடை விழாவில் ரோஜாவால் செய்த யானைக்குப் பக்கத்து மேடையில் அவரை நிறுத்தினார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த மலையில் கடின நீர் என்று சிலர் வதந்தி பரப்புகிறார்கள். நண்பர்களே, நீர் கடினமாவதில்லை. மனசுதான் கடினமாகிறது. நுரை வரவில்லை என்கிறார்கள். நுரை எதற்கு? நுரை என்பது ஆடம்பரம். இதோ நிற்கிறார் ஜாபர் அலி. இவர் வீட்டில் வருவதும் அதே குழாய்த் தண்ணீர்தான். என் சட்டையைப் பாருங்கள். இவருக்கு வெளுக்கிறது. உங்களுக்கு ஏன் வெளுக்கவில்லை? நிலையத்தைக் கேட்காதீர்கள். உங்கள் கையைக் கேளுங்கள்."

கை தட்டினார்கள். கூட்டத்தில் வெங்கடேஷும் இருந்தான். விழா முடிந்ததும் பொன்னாடையோடு நின்றவரைத் தேடி வந்தான்.

"பாய், தண்ணி மேல பழி போட்டீங்க. அரசாங்கமே மேடை போட்டுச் சொல்லுது, தண்ணி நல்ல தண்ணியாம். அப்ப ஆபீசர் துணிக்கு ஒரு கை, லாட்ஜ் துணிக்கு ஒரு கையா?"

"இல்ல தம்பி, அது வந்து..."

"நான் இத்தனை நாளு உங்களை நம்பி எங்க ஓனர்கிட்டச் சண்டை போட்டேன் பாருங்க. என்னைச் சொல்லோணும்."

மறுநாள் காலையில் அடிவாரத்து லாரி ஒண்டிக்கடையில் வந்து நின்றது. லாட்ஜ் லாட்ஜாகப் போய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. சாஃப்ட்னர்க்காரர் போனில், "மென்மைன்னு சான்றிதழ் வாங்கினவருக்கு மெஷின் வித்தா நான் உள்ள போயிருவேன் பாய், மன்னிச்சிருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். கொட்டகையில் இரண்டு மெஷின்களும், கொடிகளும், தொடர் கண்காணிப்புக்காக நிலையம் வாராவாரம் அனுப்புகிற மூட்டையும் மிஞ்சின. கண்காணிப்பு என்பதால் அதற்குக் கூலி கிடையாது. துணி மங்கினால் முதல் பரிசோதனையில் கலந்திருக்கிறார் என்று ஆகிவிடும். எனவே ஜாபர் அலி கேன்களைக் கட்டிக்கொண்டு வாராவாரம் வெள்ளக்கடைக்குப் போனார்.

இத்தோடு விட்டிருந்தால் இது ஒரு சாதாரண அரசு உதவிக் கதையாக முடிந்திருக்கும். ஆனால் இயக்குநர் குடியிருப்பில் வெந்நீர் மெஷின் வெடித்தது.

அவர் வீடு அதே சரிவுத் தெருவில், ஜாபர் அலி வீட்டுக்கு நாலு வீடு மேலே. மெஷினைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே உப்புப் படிந்து ஒரு பாறை. ஒரே இரவில் நிலையத்தின் முழு அறிவும் விழித்துக்கொண்டது. இயக்குநர் வீட்டுத் தண்ணீருக்குக் கடினம் என்று கையெழுத்தாகி, எந்த முறையில் மென்மையாக்குவது என்று தேர்வுக் குழு கூடியது. ஜாபர் அலியையும் விருது பெற்றவர் என்ற முறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

கவிப்பிரியா முறைகளைச் சொன்னாள். உப்புப் போட்டு மாற்றுகிற சாஃப்ட்னர்.

"தோட்டத்துக்கு உப்புத் தண்ணீர் போகும். நாமே போட்ட உத்தரவு" என்றார் இயக்குநர்.

சவ்வு வழியாகத் தள்ளி வடிகட்டுகிற மெஷின்.

"பாதித் தண்ணீர் வீணாகும். கேள்வி கேட்பார்கள்."

குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டுகிற ஒன்று. கணக்குப் பிரிவு மேலாளரின் மச்சான் விற்கிறார்.

"அது வேலை செய்யாது சார்" என்றாள் கவிப்பிரியா.

"வேலை செய்யாதுங்கிறது ஒரு குறை இல்லை. ஆனா மச்சானுங்கிறது வெளியே தெரிஞ்சுடும்." இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் பார்வை ஜாபர் அலி மேல் விழுந்தது. "பாய், என் வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் ஒரே குழாய்தானே?"

ஜாபர் அலிக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது. "ஒரே குழாய்தானுங்க ஐயா. உங்க ஊட்டைத் தாண்டித்தான் எங்க ஊட்டுக்கு வருது. ஒரே தண்ணிங்க."

"கவிப்பிரியா, என் வீட்டில் கடினம். அறிக்கை இருக்கு. பாய் வீட்டில் மிக மென்மை. அதுக்கும் அறிக்கை இருக்கு. ரெண்டு அறிக்கையும் நம்ம நிலையத்தோடது, அதனால ரெண்டும் சரி. அப்படின்னா நடுவுல என்ன நடக்குது?"

கவிப்பிரியாவுக்கு என்ன நடக்கிறது என்று தெரியும். அந்த மாதம்தான் அவள் ஒப்பந்தம் முடிகிற மாதம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நடுவுல... குழாய்தான் சார் இருக்கு."

"குழாய்!" என்றார் இயக்குநர்.

மறுநாள் தெருவில் பந்தல் போட்டார்கள். தெருக்குழாயிலிருந்து ஜாபர் அலி வீட்டுக்குப் பிரிந்து வருகிற அந்தத் துண்டுக் குழாயை, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, மரியதாஸ் கடப்பாரையால் நெம்பி எடுத்தார். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய். இயக்குநர் அதைப் பிஞ்சுக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். "இயற்கையின் கொடை" என்றார். "இத்தனை நாள் ஒரு தனி ஆள் அனுபவிச்சிருக்கார்."

"ஐயா, எங்க ஊட்டுக்குத் தண்ணி?" என்றார் ஜாபர் அலி.

"ஆய்வு முடிஞ்சதும் திருப்பித் தருவோம் பாய்."

மரியதாஸ் அவர் காதருகே வந்தார். "பாய், அந்தப் பொன்னாடை ஊட்டுல இருக்குங்களா? குழாயைக் கீறல் படாமச் சுத்திக்கிட்டுப் போகோணும்."

ஜமீலா உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். சிரித்துக்கொண்டே கொடுத்தாள். நான் முன்பு சொன்ன வேறு மாதிரிச் சிரிப்பு அது.

குழாய் இயக்குநர் வீட்டில் பொருத்தப்பட்டது. இனி துணிகளை அங்கேயே துவைக்க வேண்டும், குழாயின் பழைய உரிமையாளர் கையாலேயே துவைத்தால்தான் முடிவு துல்லியமாக இருக்கும் என்று ஒரு கடிதம் வந்தது. வெளுக்காவிட்டால், குழாயை எடுத்து வரும்போது உரிமையாளர் ஏதோ சேதம் செய்துவிட்டார் என்று பொருள். அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்தால் என்ன தண்டனை என்பதையும் அதே கடிதத்தில் அன்போடு குறிப்பிட்டிருந்தார்கள்.

ஆகவே இப்போது ஜாபர் அலி விடிந்ததும் வெள்ளக்கடைக்குப் போகிறார். இரண்டு கேன் நிரப்புகிறார். இயக்குநர் வீட்டுக் கொல்லைப்புறத்தில், யாரும் பார்க்காதபோது, தன் குழாய்க்குக் கீழே வைத்த தொட்டியில் ஊற்றுகிறார். பிறகு குழாயைத் திறப்பது போலத் திறந்து மூடிவிட்டுத் துவைக்கிறார். சட்டைகள் வெளுக்கின்றன. பார்வையிட வெளியூரிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். தங்கள் சட்டைகளையும் விட்டுப் போகிறார்கள். நாய் மட்டும் அவரைப் பார்த்தால் வாலாட்டுகிறது.

ஜமீலா பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு குடம் கடன் வாங்கித்தான் சோறு ஆக்குகிறாள். ஒருநாள் அவர் கேன்களைக் கட்டும்போது வாசலில் வந்து நின்றாள்.

"போறதுதான் போறீங்க, நம்ம ஊட்டுக்கும் ஒரு குடம் கொண்டு வரக்கூடாதுங்களா? குடிக்க."

ஜாபர் அலி கயிற்றை இறுக்கிக்கொண்டே யோசித்தார். வஞ்சகம் இல்லாமல், நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"இந்த வாரம் முடியாது புள்ள" என்றார். "சேலத்துல இருந்து ஒரு ஆபீசர் வந்துருக்காரு. நாலும் வெள்ளைச் சட்டை."